ஜெயதாஸ் சார் சொல்லாமல் விட்ட வாக்கியம்

அத்தியாயம் பதினேழு

ஜெயதாஸ் சாரின் மகள் லிஷா ஊரைவிட்டுப் போகிறாள் என்ற செய்தியை மகன் ஜிஜோ பனச்சமூட்டிலிருந்து கொண்டுவந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. அவள் கணவன் அனூஜுக்கு நாக்பூரில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் ரயில். போவதற்கு முன் அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஜெயதாஸ் சார் அதைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பேப்பரை விரித்தார். அந்த ஐந்து நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் பனச்சமூட்டு இந்துக் குடும்பத்துத் தாணுமாலயனின் மகன் அனூஜோடு லிஷா ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்று, சபை மூப்பர்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான். "எனக்கு ஒரு பிள்ளையாக்கும். அவன் பேரு ஜிஜோ." அவர் மனைவி கிருபாபாய் அன்று அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். மகளைப் பார்க்கப் போகாதே என்று அவர் அவளைத் தடுத்ததில்லை. போ என்றும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவள் மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள். பிடிவாதத்தில் அவளும் அவருக்குக் குறைந்தவள் அல்ல.

சனிக்கிழமை காலை அவள் அவருடைய வெள்ளை ஜிப்பாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் சபை ஹாலில் படம் போடுகிறார்கள். பழைய ஆங்கிலப் படம். ஜெயதாஸ் சார்தான் நின்று தமிழில் சொல்ல வேண்டும்.

"நான் வரல்ல மக்கா. நீயும் அப்பாவும் போயிட்டு வாருங்க" என்றாள் ஜிஜோவிடம். "எனக்குத் தலை வலிக்குது."

ஜிஜோ பாறசாலை ஜங்ஷனில் காஸெட் கடையில் வேலை பார்க்கிறான். இந்தப் படத்தைத் தேடிப் பிடித்ததும், உபதேசியாரிடம் பேசி ஹாலை ஏற்பாடு செய்ததும் அவன்தான்.

"அம்மா வரணும்" என்றான்.

"படம் பாக்குத நேரமாலே எனக்கு? நாளைக்கு அவ போறா."

"அதுக்காகத்தான் வரச் சொல்லுதேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "படத்துல ஒரு அப்பன் உண்டு. அவனுக்க மவ வேற மதத்துக்காரன் கூடப் போறா. கடைசில அந்த அப்பன் ஒரு வார்த்தை சொல்லுவான். அத அப்பா வாயால சொல்லட்டு. நீங்க கேக்கணும்."

கிருபாபாய் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஒனக்க அப்பா அடுத்தவன் வார்த்தைய நல்லாத்தான் சொல்லுவாரு. சொந்த வார்த்தைதான் வராது."

"அடுத்தவன் வார்த்தையா இருந்தாலும் நாக்குல வந்துட்டா போரும். மத்தது பொறவு பாக்கலாம்."

 பன்னிரண்டரை மணிக்குச் சேலை மாற்றிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

*

ஜெயதாஸ் சார் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆனால் அமரவிளை முதல் பாறசாலை வரை அவரை அறிந்தவர்கள் வாத்தியாராக அறியவில்லை. கன்வென்ஷன் பந்தலில் வெள்ளைக்காரப் பிரசங்கியின் பக்கத்தில் நின்று, அவர் ஒரு வாக்கியம் சொன்னால் அதே சூட்டோடு தமிழில் ஒரு வாக்கியம் சொல்லும் மனிதராகத்தான் அறிந்திருந்தார்கள். பிரசங்கி கை நீட்டினால் இவர் கையும் நீளும். பிரசங்கி அழுதால் இவர் குரலும் இடறும்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பேசுகிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்பார். 'பிரசங்கியார் இப்படிச் சொல்லுகிறார்' என்று சொல்லும் மொழிபெயர்ப்பாளர்களை அவருக்குப் பிடிக்காது. அது ஒளிந்துகொண்டு பேசுவது என்பார். நாற்பது வருடத்தில் எத்தனையோ பேருடைய பாவங்களையும் கண்ணீரையும் தன்னுடையதாகச் சொல்லியிருக்கிறார். மேடையிலிருந்து இறங்கியதும் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார். வீட்டில் அவருக்குப் பேச்சு குறைவு.

ஹாலின் சன்னல்களில் பெட்ஷீட் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வாடகை டிவியும் வீடியோ டெக்கும் மேசைமேல் இருந்தன. ஐம்பது அறுபது பேர். பெண்கள் பலர் மடியில் வேதப்புத்தகம் வைத்திருந்தார்கள். யூத ஜனங்களின் ஜீவியத்தைப் பற்றிய படம் என்று உபதேசியார் சுந்தரதாஸ் போன ஞாயிறு அறிவித்திருந்தார். யூதர்கள் என்றால் ஆபிரகாம், மோசே, தாவீது. வேறு யாரை இவர்கள் அறிவார்கள்?

படம் தொடங்கியது. சேறு படிந்த தெரு, மரவீடுகள், பனி. தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட ஆண்கள். ஒரு கிழட்டுக் குதிரையைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டி வருகிற தாடிக்காரன்.

மாதர் சங்கத்து ரத்னபாய் முன் வரிசையிலிருந்து கேட்டாள். "இது எந்தப் புஸ்தகம் சாரே? யாத்திராகமமா?"

"வேதாகமம் இல்ல ரத்னபாய். அதுக்கு ரொம்பப் பொறவு உள்ள கதை. ரஷ்யா ராஜாவுக்குக் கீழ இருந்த ஒரு கிராமம்."

"அதுக்குப் பொறவும் அவங்க உண்டா?"

"இப்பமும் உண்டு."

ரத்னபாய் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "பாத்தியா, நாம விசாரிக்காம விட்டுட்டோம்" என்றாள். சிரிப்பு எழுந்தது. சுந்தரதாஸ் உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த அறிவிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜெயதாஸ் சார் டிவிக்கு இடது பக்கம் நின்றார். ஜிஜோ ரிமோட்டோடு கீழே உட்கார்ந்திருந்தான். நீளமான பேச்சு வந்தால் அவன் நிறுத்துவான். சார் சொல்லி முடித்ததும் ஓட்டுவான். பாட்டு வந்தபோது சார் கையை உயர்த்திவிட்டார். "இதுக்கு அர்த்தம் வேண்டாம். கேளுங்க."

கேட்டார்கள். வண்டிக்காரன் குளிரில் தன் குதிரையிடமும் கடவுளிடமும் ஒரே குரலில் வழக்குப் பேசிப் பாடினான். யாரிடம் எதைக் கேட்கிறான் என்று பிரிக்கவே முடியாத பாட்டு. வயல்வேலை செய்கிற கிழவர் ஒருவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்கும் காட்சி வந்தது. அந்த வீட்டுத் தாய் மெழுகுவர்த்தி ஏற்றி, தீபத்தின் மேல் கைகளை வளைத்து, கண்களை மூடிக்கொண்டாள். சுற்றிலும் பிள்ளைகள். தெருவில் ஒவ்வொரு சன்னலாக வெளிச்சம் எழுந்துவந்தது. யாரும் சொல்லாமலே ஹாலில் இருந்த பெண்கள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். கிருபாபாயும் போட்டுக்கொண்டாள். அந்தப் பாட்டு முடியும்வரை ஒருவர்கூட இருமவில்லை. உபதேசியார் கண்ணை மூடியிருந்தார்.

ஜெயதாஸ் சார் அன்று நன்றாகச் சொன்னார். கன்வென்ஷனில்கூட அப்படிச் சொன்னதில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். வண்டிக்காரன் மனைவிக்குப் பயந்து பொய் சொன்னபோது இவர் முகத்திலும் அந்தத் திருட்டுத்தனம் வந்தது. மூத்த மகள் தையல்காரப் பையனைத்தான் கட்டுவேன் என்று அழுதபோது இவர் அப்பனாகித் தலையில் கை வைத்தார்.

"அப்பிடியே எங்க மாமாவுக்க பேச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

கல்யாணம் வந்தது. மணப்பெண்ணை நாற்காலியோடு தூக்கி ஆடினார்கள். அவள் விழுந்துவிடுவாள் என்று பயந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வயலின் வேகமாகிக்கொண்டே போனது. பின்வரிசைப் பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.

"கல்யாண வீட்டுல அவங்க குடிக்கினுமே" என்று முகம் சுளித்தாள் ரத்னபாய். ஆனாலும் தட்டினாள்.

கிருபாபாயும் தட்டினாள். மகளுக்கு ஒரு கல்யாணம் பார்க்காதவள், யாரோ ஒருத்தியின் கல்யாணத்துக்குக் கைதட்டினாள். ஜிஜோ அதைத் திரும்பிப் பார்த்தான். அப்போது மணி இரண்டரை இருக்கும்.

*

இரண்டாவது காஸெட்டில் கதை இருண்டது.

வண்டிக்காரனின் இளைய மகள் யூதன் அல்லாத ஒருவனோடு போய்விட்டாள். தகப்பனிடம் வந்து மன்றாடினாள். அவன் வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து நீண்ட நேரம் அவளைப் பார்த்தான். பிறகு பேசினான்.

ஜிஜோ நிறுத்தினான்.

ஜெயதாஸ் சார் திரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். ஜிஜோ ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். இந்தப் படம் ஏன், இன்றைக்கு ஏன், காஸெட்டை ஏன் முன்கூட்டியே காட்டவில்லை.

நிறுத்திய படம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு அப்படி ஒரு மகள் இல்லை" என்றார் ஜெயதாஸ் சார். "நான் அவளை அடக்கம் பண்ணிவிட்டேன். இந்த வாசலில் நிற்பது யாரென்று எனக்குத் தெரியாது."

குரல் இடறவில்லை. ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை தெளிவாகப் போய் விழுந்தது. ஹாலில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் மெல்லத் திரும்பிக் கிருபாபாயைப் பார்த்தார்கள். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஓட்டுலே" என்றார் சார்.

அதற்குப் பிறகு ராஜாவின் உத்தரவு வந்தது. மூன்று நாளுக்குள் ஊர் முழுவதும் காலி பண்ண வேண்டும். கிடைத்த விலைக்கு வீட்டை விற்றார்கள். தலையணையும் சட்டியும் வண்டிகளில் ஏறின. ஒரு கிழவி தன் வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் புறப்பட்டாள். அழுக்காக விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை. ரத்னபாய் மூக்கை உறிஞ்சினாள். "அத யாரு பாக்கப் போறா? பாவம்."

வண்டிக்காரன் மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். தெருமுனையில் அந்த மகளும் அவள் கணவனும் வந்து நின்றார்கள். அவர்களும் வேறு ஊருக்குப் போகிறார்கள். பக்கத்தில் வரப் பயந்து அவள் தூரத்திலேயே நின்றாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. குதிரையின் கழுத்தில் முகத்தைச் சாய்த்து, தாடிக்குள்ளேயே மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான்.

ஆங்கிலத்தில் நான்கு சொற்கள்தான். பத்திரமாய்ப் போ, மகளே என்று அர்த்தம்.

ஜிஜோ நிறுத்தினான். காத்திருந்தான்.

சார் வாயைத் திறக்கவில்லை.

சன்னலில் கட்டிய பெட்ஷீட் காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது.

"அப்பா" என்றான் ஜிஜோ.

"ஓட்டு."

"அப்பா, அவன் சொன்னது..."

"ஓட்டச் சொன்னேம்லா."

ரத்னபாய்க்குப் பொறுக்கவில்லை. "அவன் என்னவாக்கும் சொன்னான் சாரே? கேக்கல்ல."

ஜெயதாஸ் சார் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. குதிரைகிட்டப் பேசுதான்."

படம் ஓடியது. வண்டிகள் வரிசையாகப் பனிக்குள் போய் மறைந்தன. ஜிஜோ எழுந்து சன்னல்களைத் திறக்கும்போது மணி நாலேகால். வெளிச்சம் எல்லோருடைய கண்களையும் கூச வைத்தது.

*

வீடு இருந்த கொல்லயிலுக்குக் கால்வாய்க்கரை வழியாக நடந்தார்கள். சார் முன்னால், கிருபாபாய் பத்தடி பின்னால். ஜிஜோ டெக்கைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டான்.

மரச்சீனிக் கிழங்கு விளையைத் தாண்டியதும் அவள் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க. அவன் குதிரைகிட்ட என்ன சொன்னான்?"

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"நாப்பது வருசமா நீங்க மேடையில நிண்ணு பேசுறத நான் கீழ இருந்து கேக்குதேன். ஒரு வாக்கியம் நீங்க விட்டதில்ல. வெள்ளைக்கார சாயிப்பு தும்முனாக்கூட அதுக்கு ஒரு தமிழ் சொல்லுவிய."

"சொல்லத்தக்கதா ஒண்ணும் இல்ல."

"உண்டு. ஜிஜோகிட்டக் கேட்டா அவன் சொல்லுவான். நான் கேக்கமாட்டேன்."

கால்வாயில் தண்ணீர் இல்லை. அடியில் காய்ந்த சேறு வெடித்துக் கிடந்தது. அவர் ஒரு கணம் நின்றார். திரும்பிவிடுவார் போலிருந்தது. பிறகு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே போய் ஒரு பையில் இரண்டு சேலையும், லிஷாவுக்கென்று போன கிறிஸ்துமஸுக்கு எடுத்து அலமாரியிலேயே இருந்த துணியும் வைத்தாள். வெளியே வந்தபோது ஜிஜோ முற்றத்தில் நின்றிருந்தான்.

"பனச்சமூட்டுக்கு எத்தன மணிக்குலே பஸ்?"

"அஞ்சேகாலுக்கு ஒண்ணு உண்டு."

"வா."

ஜெயதாஸ் சார் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். பேப்பர் கையில் இல்லை. அவள் அவர் எதிரே போய் நின்றாள். மூன்று வருடம் காத்திருந்த சொல்லை அவள் இப்போது கேட்கவில்லை.

"நான் போறேன். உங்களுக்கு வேண்டி அவகிட்ட வல்லதும் சொல்லணும்னா சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம நான் அப்பிடியே போய்ச் சொல்லுதேன். எத்தனையோ பேருக்கு நீங்க நிண்ணிருக்கியளே. உங்களுக்கு நான் நிக்குதேன்."

அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவள் காத்திருந்தாள். முற்றத்தில் ஜிஜோ கடிகாரத்தைப் பார்ப்பதும் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. ஆங்கிலத்தில். நான்கு சொற்கள். பிரசங்க மேடையின் குரல் அல்ல. மகன் காதில்கூட விழவில்லை.

கிருபாபாய்க்கு ஆங்கிலம் தெரியாது. அந்த நான்கில் கடைசிச் சொல் மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மகள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். "எனக்கு மனசுல படியணும்."

அவர் சொன்னார். அவள் அர்த்தம் கேட்கவில்லை.

"அவளுக்குத் தெரியும்" என்றார் அவர்.

*

பஸ்ஸில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர், "சேச்சீ, எவிடேக்கா?" என்று மலையாளத்தில் இறங்கும் இடத்தை இரண்டு தடவை கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். ஜிஜோ டிக்கெட் எடுத்தான்.

"அப்பா என்னவாக்கும் சொன்னாரு?"

"உனக்குள்ளது இல்ல மக்கா."

அவன் சிரித்தான். அந்த வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. தன் திட்டம் ஒருவழியாகப் பலித்துவிட்டது என்ற சிரிப்பு. வரிசை வரிசையாக ரப்பர்த் தோட்டங்கள் பின்னால் போயின.

பனச்சமூட்டில் இறங்கும்போது மணி ஆறேகால். அனூஜின் அப்பா தாணுமாலயன் ஜங்ஷன் டெலிபோன் பூத் வாசலில் நின்றிருந்தார். இவர்களைக் கண்டதும் வேகமாக வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அவர் கிருபாபாயிடம் நேராகப் பேசுவது இதுவே முதல் தடவை.

"ஜிஜோவுக்க அம்மா, நீங்க இஞ்சயா வந்திய?"

"லிஷா வீட்டுல இருக்காளா?"

அவர் ஜிஜோவைப் பார்த்தார். 

"பிள்ளைய ரெண்டுபேரும் போயாச்சு. நாளைக்கு உள்ள டிக்கெட் உறுதியாகல்ல. இன்னைக்கு ராத்திரி வண்டிக்குத்தான் கிடைச்சது. மத்தியானம் அவசரமாப் பொறப்பட்டினும்."

கிருபாபாய் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போற வழியில உங்க வீட்டுக்கு வந்தாளாம். அப்பா என்ன சொன்னாலும் சொல்லட்டு, ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்னு அனூஜை ஜங்ஷன்ல நிறுத்திட்டு இவ தனியா நடந்து வந்தாளாம். வீடு பூட்டிக் கிடந்துது. அக்கம்பக்கத்துலயும் ஆளில்ல. வேணும்னு பூட்டிட்டுப் போயிட்டியன்னு நினைச்சா போல. அனூஜ் இப்பம்தான் ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணினான். லிஷா அழுதுட்டே இருக்கான்னு சொன்னான்."

"எத்தன மணிக்கு?" ஜிஜோ முன்னால் வந்தான். "எத்தன மணிக்கு வந்தா?"

"ரெண்டரைன்னு சொன்னான்."

ஜிஜோ பூத்தின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

கிருபாபாய் அவனைப் பார்த்தாள். அவனைத் திட்டுவதற்கு அவளுக்குச் சொல் இருந்தது. சொல்லவில்லை. இப்போது வாயில் வேறு எந்தச் சொல்லையும் வைத்துக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

"வண்டி எப்பம்?" என்று தாணுமாலயனிடம் கேட்டாள்.

"ஏழரைக்கு. அதுக்கு முன்ன ஒரு தடவை கூப்பிடுவேன்னு சொன்னான். ஸ்டேஷன்ல பூத்துல கூட்டம் இல்லன்னா."

அவர் உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் போன் இருந்தது. ஜங்ஷனில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. பஸ்கள் வந்தன, போயின. தாணுமாலயன் டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். வேண்டாமென்று கையால் காட்டினாள்.

ஏழு மணி ஆயிற்று. ஏழு பத்து.

அவள் மடியில் கைகளைக் கோர்த்து, அர்த்தம் தெரியாத மூன்று சொற்களையும் தெரிந்த ஒன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.